மூச்சு வாங்காத குரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கற்பனை இல்லை, நடந்தது. நான் முடி வெட்டுகிறவன்; கதை கட்டிப் பழக்கமில்லை. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டுக் குறுக்கெழுத்துப் போடப் போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு நடந்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். என் சலூனுக்கு மாதம் தவறாமல் வருகிற ஒருவருக்கு நடந்தது. அவரை எல்லோரும் ஆகாசம் என்றுதான் கூப்பிடுவோம். டவர் கிரேன் ஓட்டுகிறவர். பகல் முழுக்க மேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர் இதை என்னிடம் சொன்னபோது என் சவரக்கத்தி அவர் தொண்டைமேல் இருந்தது. அந்த நிலைமையில் பொய் சொல்கிற மனிதனை என் தொழிலில் நான் இதுவரை பார்த்ததில்லை.

பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை, கருவேலங்காடு என்று எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்கவும். இது காலை ஏழு மணிக்கு நடந்தது. டீ குடிக்கிற நேரம்.

ஆற்றங்கரையில் அந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பணக்காரர்கள் குடியிருக்கப்போகிற அடுக்குமாடி. நேராக நிற்கிற கட்டடம் இல்லை அது. ஒவ்வொரு மாடியும் தன் கீழ்மாடியைவிடக் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். எந்த அறையில் நின்றாலும் ஆறு தெரிய வேண்டும் என்று அதை வரைந்தவர் ஆசைப்பட்டாராம். பத்திரிகைகளில் படம் வந்தது, பரிசுகூடக் கொடுத்தார்கள். கட்டுகிறவர்களுக்குத்தான் தலைவலி. வெளிச்சுவருக்கு வைக்கிற கான்கிரீட் பேனல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு. ஒரு மாடிக்குச் செய்தது இன்னொரு மாடியில் உட்காராது.

ஆகாசம் அதற்கு முன்னால் பல மாதம் வேலையில்லாமல் இருந்தார். பழைய சைட்டை முதலாளிகள் பாதியிலேயே பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் குழாய் சொட்டினால்கூடக் கோபம் வரும். அவருக்கும் வந்தது. மனைவிதான் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் அவளே வந்து பேச்சை எடுத்தாள்.

"என் தம்பி வேலை பாக்கற சைட்ல கிரேனுக்கு ஆள் கேக்கறாங்களாம். ஆத்தங்கரையில, அந்த முறுக்குக் கட்டடம்."

"அங்க ஏற்கெனவே ஓட்டிட்டு இருந்தவர் என்ன ஆனார்?"

"வெளிநாடு போயிட்டாராம். நீங்க நாளைக்கே வந்தாலும் சரிங்கறாங்க."

அவளுடைய தம்பி அங்கே சிக்னல் கொடுக்கிறவன். அவனுக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூக்கை உறிஞ்சுவான். சைட்டில் மூக்கன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேலை கிடைத்த அன்று ஆகாசம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கிவிட்டார். "சொந்தத் தம்பிகூட இப்படிச் செய்ய மாட்டான் மாப்ள" என்றார். மூக்கன் தரையைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினான். கூச்சப்படுகிறான் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

கிரேன் வேலையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இது புரிந்தால்தான் பின்னால் பயப்பட முடியும். மேலே கேபினில் இருப்பவருக்குப் பாதி நேரம் கொக்கியே கண்ணுக்குத் தெரியாது. கட்டடம் மறைக்கும், வெயில் கூசும், பனி மூடும். சுமை இறங்கும் இடத்தில் நிற்கிற சிக்னல்காரன்தான் அவருக்குக் கண். அவன் வாக்கி டாக்கியில் விடாமல் பேசிக்கொண்டே இருப்பான். இறக்கு, இறக்கு, இறக்கு... அவன் பேசுகிறவரை சுமை இறங்கும். பேச்சு நின்றால் கையும் நிற்க வேண்டும். மறுபடி பேசும்வரை சுமையைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் காத்திருக்க வேண்டும். வாக்கியில் பெயர் சொல்லமாட்டார்கள். கேபினில் இருப்பவர் 'மேலே'. சிக்னல்காரன் 'கீழே'.

இன்னொரு விதியும் உண்டு. கிரேனிடம் ஒருவன்தான் பேச வேண்டும். அந்தப் பேச்சு எல்லார் கையிலிருக்கும் வாக்கியிலும் கேட்கும், ஆனால் வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு குரல் கலந்தால் மேலே இருப்பவர் எதைக் கேட்பார்? அந்த சைட்டில் இதை ரொம்பவும் கண்டிப்பாக வைத்திருந்தார்கள். கம்பி கட்டுகிற ஒருவர் ஆர்வக்கோளாறில் "ஓரமா போகுது அண்ணே" என்று சொல்லிவிட்டதற்கு அன்றைக்கே சீட்டைக் கிழித்து அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு பயலும் வாயைத் திறக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஆகாசத்துக்கு ஒன்று உறுத்தியது.

கேபினைச் சாயங்காலம் பூட்டிச் சாவியை அவர்தான் எடுத்துக்கொண்டு போவார். காலையில் அவர்தான் திறப்பார். ஆற்றுக் காற்றில் இரும்பெல்லாம் ஐஸ் மாதிரி இருக்கும். ஆனால் சீட் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

"ராத்திரி யாராவது மேல ஏறறாங்களா மாப்ள?"

மூக்கன் உறிஞ்சுவதை நிறுத்தினான். "இல்லையே மாமா. மெஷின் சூடா இருக்கும்."

"ஓடாத மெஷின் எப்படிடா சூடாகும்?"

"உங்களுக்கு வயசாயிடுச்சு மாமா. ஒரு கம்பளி வாங்கிப் போடுங்க" என்று சிரித்தான். இவரும் சிரித்துவிட்டார். சொந்தக்காரன் சிரித்தால் கூடச் சிரிப்பதுதானே வழக்கம்.

அடுத்தது கண்ணாடி. கேபினில் கால்களுக்கு நடுவே தரையில் ஒரு கண்ணாடி உண்டு, நேர் கீழே பார்ப்பதற்கு. காலையில் எல்லாக் கண்ணாடியும் வேர்த்துப்போயிருக்கும். அந்தத் தரைக் கண்ணாடியில் மட்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்திருக்கும். அதுவும் உள்பக்கத்தில்.

முன்னால் இருந்த ஆபரேட்டரைப் பற்றி விசாரித்தாலும் ஏடாகூடமான பதில்தான். ஆட்களை மேலே ஏற்றி இறக்குகிற ஹாய்ஸ்ட் லிஃப்டை ஓட்டுகிறவர், "அவரா? பாலைவனத்துப் பக்கம் ஏதோ நாடு" என்றார். இன்ஜினியர், "பனி பெய்யற ஊர். நல்ல சம்பளம்" என்றார். காவலாளி, "கப்பல் வேலைன்னு கேள்வி" என்றார். ஒரே ஆள் எத்தனை நாட்டுக்குத்தான் போவான் என்று ஆகாசம் என்னிடமே கேலி பேசினார். நானும் தலையைக் கோதிவிட்டுக்கொண்டே சிரித்தேன்.

ஒரு சாயங்காலம் அவர் ஹாய்ஸ்டில் இறங்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் இருந்த வாக்கி கரகரத்தது. பழக்கமில்லாத குரல். களைத்துப்போன ஆம்பளைக் குரல்.

"கீழே... பேசு."

அவ்வளவுதான். ஹாய்ஸ்ட்காரர் இடுப்பிலும் வாக்கி இருந்தது. அதிலும் வந்தது. அவர் சட்டென்று அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"யாரு அது?" என்று ஆகாசம் கேட்டார்.

"என்னது? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் அவர்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

அன்று ஆற்றிலிருந்து பனி பொங்கி எழுந்திருந்தது. பத்தடி தள்ளி நிற்கிறவர் தெரியவில்லை. இந்த மாதிரி நாளில் கிரேன் ஓட்டக் கூடாது, எந்த சைட்டிலும் ஓட்டமாட்டார்கள். ஆனால் பத்து மணிக்கு வீடு வாங்குகிறவர்கள் பார்வையிட வருகிறார்களாம். ஆற்றைப் பார்த்த மாடியில் ஒரு பேனல் இல்லாமல் பொக்கைவாய் மாதிரி ஓட்டை இருந்தது. அதை மூடியே ஆக வேண்டும் என்று இன்ஜினியர் ஒற்றைக்காலில் நின்றார்.

"மேலேர்ந்து பாத்தா கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது சார். அந்தத் தளத்துல ஆளுங்க நிக்கறாங்க. ஏதாவது ஆச்சுன்னா?" என்றார் ஆகாசம்.

பேனல் லாரி எடைக்கு இருக்கும். லேசாக உரசினாலே மனிதன் மிஞ்சமாட்டான். இத்தனை வருஷ வேலையில் தன் கையால் ஓர் உயிர் போனதில்லை என்பதுதான் ஆகாசத்தின் ஒரே பெருமை. அதை நினைத்துத்தான் தயங்கினார்.

மூக்கன் அவர் தோளில் கை வைத்தான். "நான் இருக்கேன்ல மாமா. என் குரலை மட்டும் கேளுங்க."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஏறினார்.

கதவைத் திறந்தார். சீட் வெதுவெதுப்பாக இல்லை, சுட்டது. தட்டிவிட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் வெள்ளை. மேலே, கீழே, பக்கத்தில், எங்கும் வெள்ளை. பஞ்சு மூட்டைக்குள் அடைத்து வைத்த மாதிரி இருந்தது என்றார். ஆறும் இல்லை, கட்டடமும் இல்லை. தன் கை, கைப்பிடி, வாக்கி. இவ்வளவுதான் உலகம்.

"கீழே பேசறேன். தூக்கலாம்." சர்ரென்று ஓர் உறிஞ்சல்.

அந்த உறிஞ்சலைக் கேட்டதும் அவருக்கு மனசு லேசானது. பேனல் எழும்பியது. எடை காட்டும் கருவியில் எண் ஏறியது. பின்னணியில் கலவை இயந்திரம் இரைந்தது. யாரோ கம்பியைத் தட்டினார்கள்.

"வலது பக்கம் திருப்பு... திருப்பு... திருப்பு... நில்லு."

நிறுத்தினார்.

"கொஞ்சம் வெளியே தள்ளு... போதும். இறக்கலாம். மெதுவா. இறக்கு... இறக்கு..."

கைப்பிடியை மெல்லத் தள்ளினார். சுமை இறங்கியது.

"இறக்கு... இறக்கு... இறக்கு..."

ஏதோ குறைந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பிறகுதான் தெரிந்தது. கலவை இயந்திரத்தின் இரைச்சல் இல்லை. கம்பிச் சத்தமும் இல்லை. மூக்கனின் குரல் மட்டும் தனியாக, சுத்தமாக வந்துகொண்டிருந்தது. துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி.

"இறக்கு இறக்கு இறக்கு இறக்கு..."

இன்னொன்றும் இல்லை. உறிஞ்சல்.

ஜலதோஷம் சரியாகிவிட்டதா? ஒரு நிமிஷத்திலா? ஆகாசத்துக்குக் கழுத்தில் வேர்த்தது. ஆனாலும் கை தள்ளிக்கொண்டேதான் இருந்தது. அவன் குரல்தான். சந்தேகமே இல்லை. குரலைக் கேட்டு வேலை செய்து பழகிய கை அது, மூளையைக் கேட்டு நிற்காது.

"இறக்கு இறக்கு இறக்கு இறக்கு இறக்கு இறக்கு..."

பயத்தில் அவர் தன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். முடியாமல் விட்டார். இழுத்தார். மறுபடி விட்டார்.

குரல் நிற்கவில்லை.

ஒருமுறைகூட நிற்கவில்லை... ஒருமுறைகூட மூச்சு வாங்கவில்லை.

அப்படி எந்த மனிதனாலும் பேச முடியாது.

கையை எடுத்துவிட்டார்.

கைப்பிடி தானாக நடுவுக்கு வந்தது. சுமை நின்றது.

"இறக்கு இறக்கு இறக்கு இறக்கு..."

"மாப்ள?"

குரல் நின்றது.

"மாப்ள... நீதானா?"

கர்ர்ர்... வாக்கி கரகரத்தது.

"ஏன் நிறுத்திட்ட?"

மூக்கன் குரல்தான். ஆனால் 'மாமா' இல்லை. அவன் இவரை ஒருமையில் பேசியதே இல்லை.

"நீ எங்க நிக்கற? அதச் சொல்லு முதல்ல!"

"அவன் நேர் கீழதான் நிக்கறான்."

அவன்.

"இறக்கு."

எழுந்துவிட்டார். கேபினில் எழுந்தால் ஒதுங்க இடம் ஏது? முதுகு கதவில் இடித்தது. வாக்கி கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

ஆனால் குரல் வந்தது. வாக்கியிலிருந்து இல்லை.

அது இப்போது மூக்கன் குரலும் இல்லை. களைத்துப்போன ஆம்பளைக் குரல்.

"உங்கிட்ட யாருமே சொல்லலையா?"

அவர் சீட்டைப் பார்த்தார்.

அவர் எழுந்துவிட்டார்... ஆனால் சீட் எழவில்லை. மெத்தை அமுங்கியே இருந்தது. ஒருத்தர் எடைக்கு.

கைப்பிடி அசைந்தது.

மெல்ல... முன்னால்...

டக்.

சுமை இறங்கத் தொடங்கியது.

சீட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது, கிரேனையே நிறுத்திவிடுகிற சிவப்புப் பொத்தான். அதை அழுத்த வேண்டுமானால் சீட்டின்மேல் குனிய வேண்டும். காலியாக இல்லாத சீட்டின்மேல்.

குனிந்தார். நெஞ்சில் அனல் அடித்தது என்றார். கண்ணை மூடிக்கொண்டு அடித்தார் பொத்தானை.

எல்லாம் செத்துப்போயிற்று. விளக்கு, மோட்டார், சத்தம்.

மெத்தை மெதுவாக உப்பியது.

வாக்கியின் விளக்கு திரும்ப எரிந்தது. ஆகாசம் அதைப் பிடுங்கிக் கத்தினார். "எல்லாரும் விலகுங்க! அடியில யாரும் நிக்காதீங்க! கேக்குதா? யாராவது பேசுங்க!"

யாரும் பேசவில்லை.

அந்தத் தளத்தில் மட்டும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லார் இடுப்பிலும் வாக்கி. முற்றத்தில் இன்ஜினியர், ஹாய்ஸ்டில் ஒருவர், வாசலில் காவலாளி. எல்லார் காதிலும் விழுந்தது. பிறகு அவர்களே ஒத்துக்கொண்டார்கள். கிரேனிடம் ஒருவன்தான் பேச வேண்டும் அல்லவா? அவன் பேசவில்லை. அதனால் மற்றவர்களும் பேசவில்லை. மேலே ஒரு மனிதன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான், கீழே அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு விதியைக் காப்பாற்றினார்கள். அந்த நிமிஷம் பேயைவிட அந்த மௌனம்தான் தன்னைக் கொன்றது என்றார் ஆகாசம்.

வெயில் ஏறியது. பனி கிழிந்தது. தரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பேனல் அந்தரத்தில் நின்றிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் கொஞ்சம் தெரிந்தது. பேனலுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அந்த ஹெல்மெட் அசையவே இல்லை. இரண்டு பேர் ஓடிவந்து அதைப் போட்டிருந்தவனை வெளியே இழுத்தார்கள்.

ஏணியில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. மூக்கனைக் கீழ்த்தளத்து மாதிரி வீட்டில் வைத்திருந்தார்கள். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஜோடித்து வைத்த வீடு. மேசையில் பிளாஸ்டிக் பழம், சுவரில் திறக்காத டீவி, மெத்தென்று பெரிய கட்டில். மூக்கன் அந்தக் கட்டிலில் மட்டும் உட்கார மாட்டேன் என்று தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்ஜினியர் ஷூ காலோடு கம்பளத்தில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்.

"சுமைக்கு அடியில போய் ஏன்டா நின்ன?" என்று ஆகாசம் கேட்டார்.

"நீங்கதான மாமா நிக்கச் சொன்னீங்க?" அழுதான். "பேனல் ஓரம் ஒடஞ்ச மாதிரி இருக்கு, அடியில வந்து பாருன்னீங்க. வந்தேன். அப்புறம் நில்லு நில்லு நில்லுன்னு மூச்சு விடாம சொல்லிட்டே இருந்தீங்க. நீங்க சொல்றீங்களேன்னுதான் நின்னேன்."

"நான் உன்னை நிக்கச் சொல்லவே இல்ல மாப்ள. பொத்தானை அமுக்கின பெறகுதான் வாக்கியையே எடுத்தேன்."

இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பனிக்குள்ளிருந்து ஒன்று இவர் குரலில் அவனுக்கும் அவன் குரலில் இவருக்கும் பேசியிருக்கிறது.

ஆகாசம் அவனுக்கு எதிரில் உட்கார்ந்தார். "எனக்கு முன்னாடி அந்த சீட்ல இருந்தவர் எந்த நாட்டுக்குப் போனார்?"

இன்ஜினியர், "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று ஆரம்பித்தார். ஆகாசம் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

மூக்கன் சொன்னான். அன்றும் பனிதான். சுமை பாதியில் தொங்கும்போது அவனுக்கு உடம்பு சரியில்லை, தலை பாரம். ஐந்து நிமிஷம் என்று நினைத்து இந்த வீட்டுக்குள் வந்தான். கட்டில் மெத்தென்று இருந்தது. படுத்தான். வாக்கியின் சத்தத்தைக் குறைத்தான். தூங்கிவிட்டான்.

பேச்சு நின்றால் கை நிற்க வேண்டும். மேலே இருந்தவர் நின்றார். சுமையைப் பிடித்தபடி காத்திருந்தார். காத்திருக்கும்போது நெஞ்சு வலித்திருக்கிறது.

"கூப்பிட்டிருக்கார் மாமா. 'கீழே, பேசு... நெஞ்சு வலிக்குது... கீழே, பேசு'ன்னு ரொம்ப நேரம், உயிர் போறவரைக்கும். நான் கேக்கல, சத்தியமா கேக்கல. ஆனா மத்தவங்க கேட்டாங்க. எல்லாரும் கேட்டாங்க."

"யாரும் பதில் சொல்லலையா?"

"கிரேன்கிட்ட நான் மட்டும்தான பேசணும்..."

இந்த இடத்தில் என் கத்தி தானாக நின்றுவிட்டது. கன்னத்தில் சோப்பு காய்கிறவரை நான் சும்மா நின்றேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ அயோக்கியத்தனங்களை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எதற்கும் எனக்கு இப்படிக் கை கூசியதில்லை.

அதற்கப்புறம் வந்த ஆபரேட்டர்கள் ஒவ்வொருவராக ஓடிப்போனார்களாம். யாராவது விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள், இல்லாவிட்டால் சீட்டே சொல்லிவிடும். இன்ஜினியர் மூக்கனைக் கூப்பிட்டு, நீயாக ஓர் ஆளைக் கொண்டுவராவிட்டால் உன்மேல்தான் கேஸ் என்றாராம். வெளியாள் என்றால் தோண்டித் துருவுவான். சொந்தக்காரர் என்றால் நம்புவார். அவனுக்கு அக்காள் புருஷன் ஞாபகம் வந்தது.

"நான் கூடவே இருந்து பாத்துக்கலாம்னு நெனச்சேன் மாமா" என்றான்.

ஆகாசம் அவனை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாரே, அந்தக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வேலையை அன்றே விட்டார். கட்டடத்தை வேறு யாரையோ வைத்து முடித்துவிட்டார்கள். இப்போது இரவில் ஆற்றில் அதன் விளக்குகள் தெரியும். குடியிருப்பவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள் என்று கேள்வி.

இதை எழுத என்னைத் தூண்டியது இதெல்லாம் இல்லை. அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போன பிறகு நடந்ததுதான்.

வீட்டில் மனைவி அழுது முகம் வீங்கிப்போயிருந்தாள். தம்பி தகவல் சொல்லியிருப்பான் என்று நினைத்தார். இந்த உலகத்தில் ஒருத்தியாவது தன் பக்கம் இருக்கிறாளே என்ற நினைப்பில் அவருக்கும் அழுகை முட்டியது.

"உன் தம்பி எனக்கு என்ன பண்ணியிருக்கான்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

"மறுபடியும் முதல்லேருந்தா?" என்றாள் அவள். "அதான் காலையில போன்லயே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேனே. இன்னும் என்னைப் போட்டு ஏன் வதைக்கறீங்க?"

"எந்தப் போன்ல?"

"ஏழு மணி சுமாருக்குப் பண்ணீங்களே. 'உனக்குத் தெரியுமா, தெரிஞ்சேதான் அனுப்பினியா'ன்னு விடாம கேட்டீங்க. ஆமாம்னு சொன்னேன். தம்பி அப்பவே என்கிட்ட அழுதான். அவன் ஜெயிலுக்குப் போயிடுவானோன்னு பயந்துட்டேன். நீங்களும் வேலையில்லாம இருந்தீங்க. உங்ககிட்ட மறைச்சது தப்புதான்னு அத்தனை கெஞ்சினேனே..."

கேபினுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஏறுவதற்கு முன் காவலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். ஆகாசத்தின் போன் அன்று காலை முழுவதும் காவலாளியின் பெட்டியில், அணைத்த நிலையில் கிடந்தது. அவள் தன் போனை எடுத்துக் காட்டினாள். இவருடைய நம்பர்தான்.

ஆகாசம் அந்த நம்பரை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கேட்டார்.

"நீ ஒத்துக்கிட்டதும் நான் என்ன சொன்னேன்?"

"கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. மூச்சுச் சத்தம்கூட இல்ல, வச்சிட்டீங்களோன்னு நெனச்சேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம், 'சரி, யாராவது சொன்னாங்களான்னு அவர்கிட்ட நான் கேட்டுக்கறேன்'னீங்க. யார்கிட்டன்னு கேக்கறதுக்குள்ள வச்சிட்டீங்க."